புதைக்குமுன் ஒரு துண்டைப் போமலினில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கூண்டில் வாழும் பெண் குரங்கொன்றின் மார்பில் கட்டி தெரியும் படம் முகநூலில் வந்துவிட்டால், கொழும்பில் அன்றைக்கே தீர்ப்பும் வந்துவிடுகிறது. பிஸ்கட்டும் பணிசும் போட்டதால் வந்த புற்றுநோய் என்பார் ஒருவர். கருத்தடை மருந்து கொடுத்தார்கள், அதுதான் காரணம் என்பார் இன்னொருவர். தொற்றிவிடும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள் என்று மூன்றாமவர் எச்சரிப்பார். முதலாவதற்கு ஆதாரம் போதாது. மூன்றாவது பிழை. இரண்டாவதில் மட்டும் யோசிக்க வேண்டிய விடயம் கொஞ்சம் உண்டு. ஆனால் கேட்க வேண்டிய முதற் கேள்வியை யாரும் கேட்பதில்லை: அந்தக் கட்டியில் ஒரு துண்டை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார்களா, பார்த்ததை எங்காவது எழுதி வைத்தார்களா?

குரங்குகளில் மார்பகக் கட்டி அரிது என்று பாடநூல்கள் சொல்கின்றன. சூலகம் அகற்றப்படாத பெண் நாய்களில் அதிகம் காணப்படும் கட்டி மார்பகக் கட்டிதான். அவற்றில் ஏறக்குறையப் பாதி புற்றுநோயாக இருக்கும். இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயும் மார்பகப் புற்றுநோயே. செங்குரங்குக்கும் அதன் உறவினங்களுக்கும் மனிதரைப் போலவே நெஞ்சில் இரண்டு முலைகள், ஏறத்தாழ நான்கு வாரத்துக்கொரு மாதவிடாய், மனித மார்பகத்தைப் போன்றே பால் நாளங்களும் நுண்மடல்களும் உண்டு. அப்படியிருந்தும் ஏன் அரிது?

உடலியல் சார்ந்த காரணங்கள் இருக்கின்றன. இது பெரும்பாலும் முதுமையில் வரும் நோய். காட்டில் வாழும் பெண் குரங்கு அந்த வயதை எட்டுவதே அபூர்வம். எட்டும்வரை அது கர்ப்பமாக இருக்கும், அல்லது குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும். கூண்டில் இருப்பதோ இருபது வயதைத் தாண்டியும் வாழும், ஆண்டுக்கணக்கில் குட்டி போடாமலும் இருக்கும். இன்னொரு காரணம் நம்முடைய பார்வையைச் சார்ந்தது. உலகில் இதுவரை விவரிக்கப்பட்ட நோயாளிக் குரங்குகளில் பெரும்பாலானவை ஆய்வுநிலையங்களில் வளர்க்கப்பட்ட ரீசஸ், சைனோமொல்கஸ் குரங்குகள். பபூன்களும் சில உண்டு. அங்கெல்லாம் இறக்கும் ஒவ்வொரு விலங்கும் பிரேத பரிசோதனைக்குப் போகும், இழையங்கள் மெழுகில் பதித்து, பிறகு சீவி நுணுக்குக்காட்டியில் பார்க்கக்கூடிய மெழுகுக் கட்டையாகச் சேமிக்கப்படும். பார்க்கும் இடத்தில் தெரிகிறது. பார்க்காத இடத்தில் “அரிது” என்று எழுதப்படுகிறது. செங்குரங்கும் ஊதாமுக மந்தியும் இந்தத் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. அவற்றின் கட்டிகளைப் பற்றி நாம் எழுதி வைக்காவிட்டால் வேறு எவரும் எழுதப்போவதில்லை.

முதலில் கட்டியல்லாத கட்டிகளைத் தள்ளிவிடுவோம். பார்வையாளர்கள் “கழுத்தில் பெரிய கட்டி” என்று பதறிப்போய்ச் சொல்வதில் பல, செங்குரங்கின் கன்னப்பை நிறையக் கச்சான் அடைந்திருப்பதுதான். அரை மணித்தியாலம் நின்று பார்த்தால் கட்டி சிறுத்துவிடும். தொண்டையின் காற்றுப்பையில் சீழ் பிடித்தால் வீக்கம் மேல்நெஞ்சுவரை இறங்கலாம். ஒராங் உட்டான் போன்ற பெரிய இனங்களில் அந்தப் பை கக்கம்வரை விரிந்திருப்பதால் அது மார்பக வீக்கம்போலவே தெரியும். அமுக்கினால் நொளுநொளுவென்று இருக்கும், வாய் நாறும், இருமல் இருக்கும். பால் குடிக்கும் குட்டி ஒரே பக்கத்தை விரும்பிக் குடிப்பதும் வழக்கம். அதனால் ஒரு காம்பு நீண்டு தடித்தும் மற்றது சுருங்கியும் இருப்பது நோயல்ல. பால் தேங்கிய நீர்க்கட்டி, முலை அழற்சி, கடிகாயத்தில் வந்த சீழ்க்கட்டி, காசநோய் முடிச்சு, தீங்கற்ற நார்க்கட்டி என்று பட்டியல் நீளும். கண்ணால் பார்த்தோ கையால் தடவியோ இவற்றைப் பிரித்துச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நடைமுறையில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்: அழற்சி என்று வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் நுண்ணுயிர்க்கொல்லியைப் பழத்துக்குள் வைத்துக் கொடுப்பது. பால் கொடுக்காத, காய்ச்சல் இல்லாத, தொட்டால் வலியைக் காட்டாத ஒரு குரங்கின் மார்பில் கெட்டியான முடிச்சு இருந்தால் அதை அழற்சி என்று எண்ண நியாயம் குறைவு. பத்து நாள் மருந்துக்குப் பிறகும் அளவு குறையவில்லை என்றால் அதற்குமேல் காத்திருப்பதில் பயனில்லை. அதைவிட மோசமானது, சீழ் என்று நினைத்துக் கத்தியால் கீறிவிடுவது. உள்ளே இருப்பது புற்றுநோயாக இருந்தால் அந்த வெட்டு ஆறாது. புண்ணாகி, ஈ மொய்த்து, பிறகு சத்திரசிகிச்சைக்குத் தோலே மிஞ்சாது.

பரிசோதனைக்கு முழு மயக்கம் வேண்டும். மூன்றரைக் கிலோ எடையுள்ள பெண் செங்குரங்கை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கெட்டமின் என்ற மயக்க மருந்தை மட்டும் கொடுப்பதானால் கிலோவுக்கு 10 மில்லிகிராம், அதாவது 35 மில்லிகிராம். மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள குப்பியில் 0.7 மில்லிலீற்றர். கெட்டமினை மட்டும் கொடுத்தால் தசை விறைத்தே இருக்கும். அதனால் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கெட்டமினோடு தசையைத் தளர்த்தும் மெடெற்றோமிடின் 0.05 மில்லிகிராம் சேர்ப்பது நல்லது. வேலை முடிந்தபின் மெடெற்றோமிடினின் ஐந்து மடங்கு அதன் மாற்று மருந்தான அற்றிபமெசோல் கொடுத்தால் விரைவாக எழும். இவை மிருக வைத்தியர்களுக்கான கணக்குகள். வீட்டில் குரங்கு வைத்திருப்பவர்கள் கையில் எடுக்கவேண்டிய மருந்துகள் அல்ல. செங்குரங்குக்கு முதல்நாள் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால் போதும். ஆனால் மயங்கியவுடன் வாயைத் திறந்து இரண்டு கன்னப்பைகளையும் விரலால் துழாவ வேண்டும். முதல்நாள் மாலை ஒளித்து வைத்த வாழைப்பழத் துண்டு மூச்சுக்குழாய்க்குள் போவதற்கு அரை நிமிடம் போதும்.

மந்திகளின் கதை வேறு. அவை இலை தின்னிகள். பல அறைகளாகப் பிரிந்த பெரிய வயிற்றில் இலையை நொதிக்க வைத்துச் சமிக்கச் செய்பவை. ஒரு இரவு பட்டினி போட்டாலும் அந்த வயிறு காலியாகாது. மயக்கத்தில் மல்லாத்திப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினால் பச்சைக் கரைசல் தொண்டைக்கு ஏறி நுரையீரலுக்குள் போகும். ஆகவே மந்திக்கு எவ்வளவு சிறிய வேலையானாலும் பலூன் வைத்த மூச்சுக்குழாய் போட்டே ஆகவேண்டும். அதைப் போடும்வரை தலையை உயர்த்திப் பிடிக்க வேண்டும், எழும்போதும் நெஞ்சில் படுக்கவைத்தே விடவேண்டும். மூன்றரைக் கிலோ உடலுக்கு 3 அல்லது 3.5 மில்லிமீற்றர் குழாய் பொருந்தும். குரல்வளை இறுகாமலிருக்க லிடொகெயின் தெளிப்பான் அடிப்பார்கள். 10 வீதத் தெளிப்பானில் ஒரு அழுத்தலே 10 மில்லிகிராம் என்பதை மறந்து மூன்று நான்கு முறை அடித்துவிட்டால் சின்ன உடம்பு தாங்காது. குளிரூட்டிய அறையில், மயிர் சிரைத்து ஸ்பிரிட் தடவிய நெஞ்சோடு கிடக்கும் குரங்கு, கொழும்பு வெயிலிலும் குளிர்ந்து போகும். உடல் வெப்பம் 37 பாகைக்குக் கீழே இறங்காமல் சுடுநீர்ப்பை சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மயங்கியதும் கட்டியை மட்டும் தடவிவிட்டுப் போகக்கூடாது. குரங்கின் மார்பக இழையம், பால் கொடுக்காத காலத்தில், தட்டையாகப் பரந்து கக்கம்வரை போகும். இரண்டு மார்பையும், இரண்டு கக்கத்தையும், தொடையிடுக்கையும் விரல்நுனியால் சுற்றிச் சுற்றித் தேட வேண்டும். கட்டியின் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் அளவுகோலால் அளந்து, தோலோடு ஒட்டியிருக்கிறதா, கீழேயுள்ள தசையோடு ஒட்டியிருக்கிறதா என்று குறிக்க வேண்டும். காம்பை மெதுவாகப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். கட்டியாகத் தட்டுப்படாமல் நாளங்களுக்குள்ளேயே வளரும் புற்றுநோய், காம்பிலிருந்து கசியும் இரத்தநீரில் மட்டும் தன்னைக் காட்டுவதுண்டு.

அதே மயக்கத்தில் மூன்று கோணங்களில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடலாம்: வலம், இடம், மல்லாக்க. நுரையீரலில் புள்ளிகள் தெரிந்தவுடன் “பரவிவிட்டது” என்று எழுதிவிட வேண்டாம். காசநோய் முடிச்சும் அப்படித்தான் தெரியும், ரீசஸ் குரங்குகளில் நுரையீரல் உண்ணி செய்யும் முடிச்சும் அப்படித்தான் தெரியும். காசநோய்ப் பரிசோதனைக்கு மேல் இமைத்தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர் ரியூபர்குலின் போட்டு 24, 48, 72 மணித்தியாலங்களில் பார்ப்பது வழக்கம். இமையில் போடுவதற்குக் காரணம், குரங்கை மறுபடி பிடிக்காமல் தூரத்திலிருந்தே வீக்கத்தைப் பார்க்கலாம் என்பதுதான்.

இனி ஊசி. 23 கேஜ் ஊசி, 5 மில்லிலீற்றர் சிரிஞ்ச். கட்டிக்குள் மூன்று நான்கு திசையில் குத்தி உறிஞ்ச வேண்டும். வெளியே எடுக்குமுன் உறிஞ்சலை விட்டுவிட வேண்டும். விடாமல் எடுத்தால் செல்களெல்லாம் சிரிஞ்சின் அடிக்குப் போய்விடும், கண்ணாடித் தகட்டில் போட ஒன்றும் மிஞ்சாது. நான்கு தகடு தயாரித்தால் இரண்டைக் காற்றில் உலரவிட்டு, இரண்டை ஈரம் காயுமுன் 95 வீத மதுசாரத்தில் போடலாம். இது அழற்சியையும் புற்றுநோயையும் பிரித்துக் காட்டும். ஆனால் நாளத்துக்குள் அடங்கிய புற்றுநோயா, சுவரை உடைத்து வெளியே வந்த புற்றுநோயா என்று சொல்லாது. அதற்குத் துண்டுதான் வேண்டும்.

துண்டை எங்கே வெட்டுவது என்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். நடுவில் மெதுவாக இருக்கும் இடத்தில் கத்தி இலகுவாக இறங்கும். அங்கே கிடைப்பது செத்த இழையம். ஆய்வுகூடம் “இழைய அழிவு மட்டுமே காணப்பட்டது” என்று இரண்டு வரியில் திருப்பியனுப்பும். கட்டியும் நல்ல இழையமும் சந்திக்கும் ஓரத்தில் வெட்டுங்கள். இரண்டு சென்ரிமீற்றருக்குக் குறைந்த கட்டியென்றால் சுற்றியுள்ள நல்ல இழையத்தோடு முழுதாகவே எடுத்துவிடுவது மேல். எடுத்த துண்டில் மேற்பக்கம் குட்டை நூல், வெளிப்பக்கம் நீண்ட நூல் என்று இரண்டு தையல் போட்டு அனுப்பினால், எந்த ஓரத்தில் புற்றுநோய் மிச்சமிருக்கிறது என்று நோயியலாளர் சொல்ல முடியும். தையல் இல்லாத துண்டுக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

போத்தலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா உழைப்பும் வீணாவது இங்கேதான். வேண்டியது இழையத்தை அழுகாமல் பதப்படுத்தும் 10 வீத நடுநிலைப் போமலின். கடையில் வாங்கும் 37 முதல் 40 வீதக் கரைசலில் 100 மில்லிலீற்றர், தண்ணீர் 900 மில்லிலீற்றர், சோடியம் இருஐதரசன் பொஸ்பேற்று 4 கிராம், இருசோடியம் ஐதரசன் பொஸ்பேற்று 6.5 கிராம். உப்புகளைச் சேர்க்காமல் தண்ணீரை மட்டும் கலந்தால் கரைசல் நாளடைவில் அமிலமாகும். இழையத்தில் கறுப்பு நிறமி படியும், கட்டியின் செல்களில் ஹோமோன் ஒட்டும் ஏற்பிகள் இருக்கின்றனவா என்று பிறகு செய்யும் ஏற்பிச் சோதனைகளும் கெடும். ஒரு பங்கு இழையத்துக்குப் பத்துப் பங்கு போமலின். போமலின் இழையத்துக்குள் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்தான் போகும். எலுமிச்சங்காய் அளவு கட்டியை முழுதாகப் போட்டு மூடினால் வெளிப்புறம் பதப்படும். நடுப்பகுதி நம்முடைய வெக்கையில் அன்றிரவே அழுகத் தொடங்கும். ஐந்து மில்லிமீற்றருக்கு மேல் தடிப்பில்லாத அளவில் பாண் வெட்டுவதுபோல ஒரு பக்கம் ஒட்டியிருக்க வெட்டிவிட்டுப் போடுங்கள். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடும். போமலின் கைவசம் இல்லையென்றால் சில மணித்தியாலத்துக்குக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் 4 பாகையில் வைத்துவிட்டு உடனே தேடுங்கள். சாராயமும் சத்திரசிகிச்சை ஸ்பிரிட்டும் மாற்று அல்ல.

குறுகிய வாய்ப் போத்தலில் மெத்தென்ற துண்டைத் திணித்து அனுப்புவார்கள். இரண்டு நாளில் அது றப்பர் மாதிரி இறுகிவிடும், போத்தலை உடைத்துத்தான் எடுக்கவேண்டும். அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் போத்தலே சரி. பெயரை மூடியில் எழுதினால் ஆய்வுகூடத்தில் மூடிகள் மாறும். போத்தலின் உடம்பில் எழுதுங்கள். உள்ளே போடும் சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துபோகும். கொழும்பிலிருந்து பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்புவதென்றால் இரண்டு நாள் பதப்பட்ட துண்டை, போமலினில் நனைத்த துணியில் சுற்றி, கசியாத பைக்குள் இட்டு, அதை இன்னொரு பைக்குள் இட்டு, கெட்டியான பெட்டியில் வைத்து அனுப்பினால் பஸ்ஸில் யாருடைய கண்ணும் எரியாது. ஹோமோன் ஏற்பிச் சோதனை செய்யும் நோக்கம் இருந்தால் மொத்தம் 72 மணித்தியாலத்துக்கு மேல் போமலினில் கிடக்க விடக்கூடாது.

சோதனைகளில் பெரும்பாலானவை மனித வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களில் பெண்களுக்காக அன்றாடம் செய்யப்படுபவைதான். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டரோன் ஏற்பி, செல் வளர்ச்சியைத் தூண்டும் ஹேர்-2 புரதம் ஆகியவற்றுக்கான மனித நோயெதிர்ப்புப் பதார்த்தங்களில் பல குரங்கு இழையத்திலும் ஒட்டும், ஏனென்றால் புரதங்கள் அவ்வளவு நெருக்கமானவை. ஆனாலும் ஒரு நிபந்தனை உண்டு. அதே இனக் குரங்கின் நல்ல மார்பகத்தையோ கருப்பை உள்வரியையோ பக்கத்தில் வைத்துச் சாயமேற்ற வேண்டும். இல்லாவிட்டால் “எதிர்மறை” என்று வரும்போது கட்டியில் ஏற்பி இல்லையா, சாயம்தான் ஒட்டவில்லையா என்று தெரியாது. நாளச்சுவரின் வெளிவரிசைச் செல்களைக் காட்டும் பி-63 சாயமும் வேண்டும். அந்த வரிசை முழுதாக இருந்தால் புற்றுநோய் இன்னும் நாளத்துக்குள் அடங்கியிருக்கிறது. புற்றுநோய் எவ்வளவு வீரியமானது என்ற தரத்தைக் குழாய் அமைப்பு, செல்கருவின் ஒழுங்கீனம், செல்பிரிவு மூன்றுக்கும் தலா 1 முதல் 3 புள்ளியிட்டுக் கூட்டுவார்கள். 3 முதல் 5 வரை முதற்தரம், 6, 7 இரண்டாம் தரம், 8, 9 மூன்றாம் தரம்.

சிகிச்சை என்று வந்தால் சத்திரசிகிச்சையைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதிலும் உடம்பின் அளவை மறக்கக்கூடாது. கிலோவுக்கு ஏறத்தாழ 60 மில்லிலீற்றர் என்று கணக்கிட்டால் மூன்றரைக் கிலோக் குரங்கின் மொத்த இரத்தம் 210 மில்லிலீற்றர். கைக்கடக்கமான ஒரு சதுரத் துடைதுணி முழுதாக நனைந்தால் சுமார் 10 மில்லிலீற்றர் குடித்திருக்கும். நனைந்த துணி இரண்டு என்றால் உடம்பின் இரத்தத்தில் பத்திலொரு பங்கு போய்விட்டது. துணிகளை எண்ணிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். தையல் தோலுக்கு உள்ளேதான் ஓடவேண்டும், கரையும் நூலில். வெளியே ஒரு முடிச்சுத் தெரிந்தாலும் குரங்கு அதைப் பிடுங்கும். கட்டுப் போடுவதில் பயனில்லை. நாய்க்குப் போடும் கழுத்துக்கூம்பு ஒரு மணித்தியாலமும் தாங்காது. உமிக்குள் தானியத்தைத் தூவி, கிளறித் தின்னும் வேலையைக் கொடுத்தால் கை புண்ணுக்குப் போவது குறையும். வலிநிவாரணியைத் தவறவிடாமல் கொடுத்தால் இன்னும் குறையும். புண்ணைத் தோண்டும் குரங்கில் பெரும்பாலானவை வலியால்தான் தோண்டுகின்றன.

செங்குரங்குக் கூட்டத்தில் பெண்ணின் அந்தஸ்து தாய்வழி வருவது. வாரக்கணக்கில் பிரித்து வைத்துவிட்டுத் திடீரென்று உள்ளே விட்டால் அடியும் கடியும்தான் மிஞ்சும், புதிய காயம் பழைய தழும்பின்மேல் விழும். ஒரே கம்பிவலையின் இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்க்கும்படி வைத்து, கூடிய விரைவில் சேர்ப்பதே சரி. ஏற்பி இருக்கும் கட்டிக்கு ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் தமொக்சிபென் கொடுப்பதைப் பற்றிப் பேசலாம். இரத்தக்குழாய் வழியாக ஏற்றும் மருந்துகளுக்கு ஒவ்வொரு முறையும் மயக்கம் கொடுக்கவேண்டும். வயதான குரங்கை அந்தப் பாட்டுக்கு உள்ளாக்குவது எங்கள் கருத்தில் பெரும்பாலும் அதன் நன்மைக்கல்ல, பார்க்கிறவர்களின் மனத்திருப்திக்கு.

இனிக் கருத்தடை. மிருகக்காட்சிச்சாலைகள் 1970களிலிருந்து மெலஞ்செஸ்ட்ரோல் என்ற புரொஜெஸ்டின் (புரொஜெஸ்டரோனைப் போலச் செயற்படும் செயற்கை ஹோமோன்) மாத்திரைக்குழாயைத் தோலுக்கடியில் வைத்துவந்தன. புலி, சிங்கம், சிறுத்தை போன்ற பூனையினங்களில் அது கருப்பை நோய்களோடும் மார்பகப் புற்றுநோயோடும் தொடர்புபட்டது என்பது தெரிந்த விடயம். பீகிள் நாய்களில், பெண்களுக்குக் கருத்தடை ஊசியாகப் போடப்படும் மெட்ரொக்சிபுரொஜெஸ்டரோன் என்ற புரொஜெஸ்டின் மார்பகக் கட்டிகளை வரவழைத்தது. அதே மருந்தின் பத்தாண்டுக் குரங்குச் சோதனையில் ரீசஸ் குரங்குகளில் புற்றுநோய் வந்தது மார்பகத்தில் அல்ல, கருப்பை உள்வரியில். இந்தப் பெறுபேறுகளால்தான் அமெரிக்காவில் அந்த ஊசிக்கான அனுமதி 1992 வரை தள்ளிப்போனது. நாய், பூனையின் மார்பகம் புரொஜெஸ்டினுக்குக் காட்டும் பதிலும் குரங்கு, மனிதரின் மார்பகம் காட்டும் பதிலும் ஒன்றல்ல. ஊசி போட்டுக்கொள்ளும் பெண்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டாம். சந்தேகம் இருந்தால் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். குரங்கின் விடயத்தில் எங்கள் நிலைப்பாடு இது: புரொஜெஸ்டினைக் குற்றவாளி என்று சொல்லப் போதிய சான்று இல்லை, விடுதலை செய்யவும் போதிய சான்று இல்லை. இதற்கு மாற்றாகப் பயன்படும் டெஸ்லொரெலின் குழாய் (4.7 மில்லிகிராம் ஆறு மாதத்துக்கு, 9.4 மில்லிகிராம் ஓராண்டுக்கு என்று நாய்களுக்காகத் தயாரிக்கப்பட்டது) முதல் இரண்டு மூன்று வாரம் சூலகத்தைத் தூண்டிவிட்டுத்தான் பிறகு அடக்கும். ஆண் குரங்குக்கு விந்துக்குழாய் வெட்டிவிட்டால் பெண் குரங்குகள் ஆண்டுக்கணக்கில் கர்ப்பமில்லாமல் மாதச் சுழற்சியிலேயே ஓடும், அதுவும் மார்பகத்துக்கு நல்லதல்ல. பக்கவிளைவே இல்லாத கருத்தடை என்று ஒன்றைக் காட்டுபவர் எதையோ மறைக்கிறார்.

தொற்று விடயத்தில் ஒரு பழைய சம்பவம் பொருத்தமானது. 1970இல் ஒரு ரீசஸ் குரங்கின் மார்பகப் புற்றுநோயிலிருந்து வைரசு ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. மேசன்-பைசர் குரங்கு வைரசு என்று பெயரிட்டார்கள். மார்பகப் புற்றுநோயின் வைரசு கிடைத்துவிட்டது என்ற பரபரப்பு அடங்கியபின் தெரியவந்தது, அது கட்டியை உண்டாக்குவதல்ல, குரங்குக் குட்டிகளின் நோயெதிர்ப்பைக் குலைப்பது. கட்டியில் கண்டெடுத்ததெல்லாம் கட்டிக்குக் காரணம் ஆகாது. குரங்கின் மார்பகப் புற்றுநோய் பார்வையாளருக்கோ பக்கத்துக் குரங்குக்கோ தொற்றாது. ஆனால் நம்முடைய காசநோயும் சின்னமுத்தும் அவற்றுக்குத் தொற்றும். ஆசிய மக்காக் குரங்குகள் (செங்குரங்கும் ரீசஸும் இந்த வகையே) சுமக்கும் ஹேர்ப்பிஸ்-பி வைரசு கடி, கீறல் வழியாக நமக்குத் தொற்றினால் மூளையைத் தாக்கும். எனவே கட்டியைத் தொடும் கைக்கு இரட்டை உறை, முகத்துக்குக் கவசம். கடித்தால் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நீர்வெறுப்பு ஊசி பற்றியும் கேட்க வைத்தியசாலைக்குப் போங்கள். பிஸ்கட்டைப் பொறுத்தவரை, அது நேரே கட்டியைத் தரும் என்பதற்கு ஆதாரம் போதாது. கொழுப்பையும் நீரிழிவையும் தரும். அதுவே போதுமான காரணம், போடாமலிருக்க.

தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை 1936இல் அரசின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இந்த நாட்டில் கூண்டுகளிலும் மீட்பு நிலையங்களிலும் தனியாரிடமும் வாழ்ந்து இறந்த குரங்குகளின் இழையம் முழுவதும் மெழுகுக் கட்டையாக ஒரே இடத்தில் இருந்திருந்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் கேட்பது பெரிய செலவல்ல. பொறுப்பான அமைச்சு ஒரு சுற்றறிக்கை விடட்டும்: கூண்டில் இறக்கும் ஒவ்வொரு குரங்கினமும் புதைக்குமுன் திறந்து பார்க்கப்பட வேண்டும், கட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இரண்டு மார்பிலிருந்தும் கக்க நிணநீர் முடிச்சிலிருந்தும் துண்டு எடுக்கப்பட வேண்டும், மெழுகுக் கட்டைகள் எறியப்படக்கூடாது. சாயம் மங்கிய தகடு பயனற்றது. கட்டை ஒழுங்காக இருந்தால் பல பத்தாண்டுக்குப் பிறகும் புதிய தகடு வெட்டலாம். படிவத்தில் “குரங்கு, பெண்” என்று எழுதி விடாமல் இனம், உபஇனம், வயது, பிறந்த இடம், எத்தனை குட்டி, கடைசியாகப் பால் கொடுத்த ஆண்டு, எந்த மார்பு, கடிகார முள்ளின் எந்தத் திசை, முதன்முதலில் யார் எப்போது கண்டது என்பவை இருக்கட்டும். கருத்தடை மருந்தின் பெயர், அளவு, வைத்த திகதி, எடுத்த திகதி ஆகியவற்றுக்குத் தனி வரி வேண்டும். தெரியாவிட்டால் “தெரியாது” என்றே எழுதட்டும். வெற்றிடமாக விட்டால், பின்னால் வாசிப்பவர் கொடுக்கவில்லை என்று எடுத்துக்கொள்வார்.

இப்படிக்கு,
மிருக வைத்தியம், நோயியல் ஆகிய துறைகளில் பணிபுரியும் சிலர்,
கொழும்பு.